மூன்றாம் மாடி வரை கல் சுமந்தவருக்கு

மும்பையின் முலுண்டில் நாங்கள் குடியேறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மடலைப் பெறவேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் மனதில் இருப்பதை என் மொழியில் சொன்னால்தான் எனக்கு நிறைவு.

வங்கியில் பதவி உயர்வும் மும்பைக்கு மாற்றலும் ஒரே தாளில் வந்தன. கணவரால் கடையை விட்டுவிட்டு வர முடியாது. அத்தையையும் நான்காம் வகுப்புப் பையனையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் ரயில் ஏறினேன். ஜூன் மாதம், மழை தொடங்கிவிட்டது. சாமான் லாரி இரவு ஒன்பது மணிக்கு வந்தது. பேசிய பணத்துக்கு மேல் கேட்டார்கள், நான் மறுத்தேன், எல்லாவற்றையும் வாசலில் மழையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். லிஃப்ட் வேறு ஓடவில்லை.

அப்போதுதான் நாங்கள் பையா (அண்ணன்) என்று கூப்பிடும் வாட்ச்மேன் வந்தார். கட்டடத்துப் பையன்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கச் சொன்னார். எங்கள் பழைய கிரைண்டரின் குழவிக்கல்லை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். துண்டை விரித்து, கல்லை அதில் வைத்துத் தோளில் ஏற்றி, மூன்று மாடி நடந்தார். கிழக்கு மூலை பார்த்து இறக்கி வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிவலிங்கம் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. சொல்லாமல் போனதே நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பையா, ஈரம் சொட்டச் சொட்ட நீங்கள் ஏறி வந்ததை அத்தை இன்னும் ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாராவி அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவின் பேரன். நம் பக்கத்துப் பேச்சு மாறாமல் பேசுவார். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் மராத்தியில் இருந்ததையெல்லாம் வரி வரியாகப் படித்துச் சொன்னார். போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பிக்கொடுத்தார். ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்க விடவில்லை.

அப்புறம் காலை லோக்கல் ரயிலின் அக்காமார்கள். முதல் வாரம் லேடீஸ் பெட்டியின் கதவோரம் நின்று தாதர் வருவதற்குள் அழுதுவிட்டேன். கூட்டம் உள்ளேயும் தள்ளும், வெளியேயும் தள்ளும். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டுவைத்தால், அவர் எழுந்ததும் அந்த இடம் நமக்கு. இது அந்தப் பெட்டியின் சட்டம். என்னைக் கேட்க வைத்து, எங்கே என்பதற்கு "கஹாங்?" என்ற ஒரு சொல்லையும் சொல்லிக்கொடுத்தார். இடமே இல்லாவிட்டால் மூன்று பேர் சீட்டில் மூவரும் கொஞ்சம் நகர்வார்கள், நான்காவதாக ஒருத்தி உட்காரலாம். ஒரு சாண் இடம்தான், பாதி உடம்பு வெளியே நிற்கும். ஆனால் முகம் தெரியாத எனக்காக மூன்று பேர் நகர்ந்தார்களே, அந்த ஒரு சாணை நான் மறக்கமாட்டேன். தசராவுக்கு முந்தைய நாள் பெட்டிக்குச் சாமந்தி மாலை கட்டி ஆரத்தி எடுத்தோம். ஊரில் ஆயுத பூஜைக்குக் கடையில் இல்லையே என்ற ஏக்கம் அன்று எனக்கு வரவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு ஆஜி, மராத்தியில் பாட்டி. மகாராஷ்டிரத்தில் பள்ளியில் மராத்தி கட்டாயப் பாடம். என் பையனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தவனை மாலையில் தன் வீட்டுத் தரையில் உட்காரவைத்து, பலகையில் எழுதவைத்தார். இந்தியில் வழங்காத நம் 'ள' மராத்தியில் உண்டு. பள்ளிக்கூடம் 'ஷாளா', குழந்தை 'பாள்'. இவன் முதல்முறையே 'ஷாளா' என்று சுத்தமாகச் சொன்னதும் ஆஜி கையைத் தட்டி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார். அன்றிலிருந்துதான் அவனுக்கு வாய் திறந்தது. தசரா அன்று ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுப்பது இங்கே வழக்கம். அத்தையின் கையில் ஒரு கொத்து கொடுத்து, தங்கம் வாங்கிக்கொள் என்றார் ஆஜி. அத்தை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆத்தி இலைல்லா" என்றார். சோழர் சூடிய அதே ஆத்திதான். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனாலும் அன்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்திருக்கிறது. பையாவுக்கும் ஆஜிக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணாச்சி, உங்கள் பங்கை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஆஜி, இந்த மடலை இன்று மாலை உங்கள் பாள் மராத்தியில் வாசித்துக் காட்டுவான். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மாடி, திருநெல்வேலிக்காரி