மலையில் மாட்டிக்கொண்டவரிடம் பில் நீட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரிட்டன் பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், சரியான ஷூகூட இல்லாமல் மலையேறி வழி தவறுகிறவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவர்களைத் தேடிப் போகிற குழுக்களே இதை வேண்டாம் என்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் இங்கே பிரிட்டனில் விடுமுறை கிடைத்தால் மலைப்பக்கம் போகிறவன். இந்நாட்டு மலை மீட்புக் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, அப்புறம் மலை மீட்பு வேண்டும் என்றால், தகவல் இவர்களுடைய போனுக்குப் போகும். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். வண்டி, கயிறு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. மீட்கப்பட்டவருக்கு பில் கிடையாது.

பில் வந்தால் என்ன ஆகும்? டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மதியம் இரண்டு மணிக்குக் கணுக்கால் பிசகியவர் அப்போதே கூப்பிட்டால் ஆள் இருக்கும் இடம் தெரியும், வெளிச்சமும் இருக்கும். காசுக்குப் பயந்தால், மெல்ல இறங்கிப் பார்ப்போம் என்று நொண்டிக்கொண்டே நடப்பார். ஆறு மணிக்கு இருட்டு, மழை, போனில் சார்ஜ் இல்லை, பாதையும் தவறியாயிற்று. இப்போது ஒரு மலைச்சரிவு முழுக்க ஆளும் நாயுமாகத் தேட வேண்டும்.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை. ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் அவருக்கு அடியில் எதையாவது விரிக்க வேண்டும். முதுகில் அடி என்றால் வேக்யூம் மெத்தை. உள்ளே சின்னச் சின்ன மணிகள் இருக்கும். பம்ப் வைத்துக் காற்றை வெளியே இழுத்ததும் உடம்பின் வளைவுக்கேற்ப மெத்தை இறுகிவிடும், ஆள் அசைய முடியாது. அப்புறம் ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு, செங்குத்தான இடத்தில் மேலிருந்து கயிறு பிடித்து இறக்கி, மணிக்கணக்கில் நடக்க வேண்டும். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கில், இறங்கும் வழியில் மேற்கொண்டு நடக்க மாட்டேன் என்று படுத்துவிட்ட டெய்சி என்ற 55 கிலோ செயின்ட் பெர்னார்ட் நாயை இறக்க 16 பேருக்கு 5 மணி நேரம் ஆனது. (பனிமலையில் மனிதர்களைக் காப்பாற்றப் பேர்போன இனம் அது!)

இந்தச் சேவையின் வரலாற்றில் அபராதம் கட்டிய ஒருவர் உண்டு. மீட்கப்பட்டவர் அல்ல, உதவியவர். 1928-ல் இங்கிலாந்தின் லாடோ பாறையில் விழுந்த ஒருவரை, வலிக்கு மருந்தில்லாமல், கைக்குக் கிடைத்ததில் ஸ்ட்ரெச்சர் கட்டித் தூக்கி வந்தார்கள். அவருடைய ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. விழுந்ததைவிடத் தூக்கி வந்த விதமே அதிகம் கெடுத்தது என்று நினைத்த மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, மீட்பு நிலையங்களுக்கு அனுமதி இல்லாமலே மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தைக் கொடுத்து வந்தார். 1949-ல் வழக்குப் போட்டு 10 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு இறங்கி வந்து மீட்புக் குழுக்களுக்கு மார்ஃபினை அனுமதித்தது.

பொறுப்பில்லாதவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. 2021 பிப்ரவரியில் கொரோனா ஊரடங்கை மீறி, இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் உள்ள ரெட் ஸ்க்ரீஸ் மலையில் இருவர் கூடாரம் போட்டார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி. உதவப் போன பேட்டர்டேல் மீட்புக் குழுத் தன்னார்வலர் சுமார் 150 மீட்டர் சரிந்து விழுந்து, முதுகுத்தண்டில் பலத்த காயம் பட்டார். கூடாரம் போட்ட இருவருக்கும் போலீஸ் தலா 200 பவுண்டு அபராதம் போட்டது. அது ஊரடங்கை மீறியதற்கு. 999-ஐ அழைத்ததற்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வாதம். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்குக் காசு வாங்குகிறார்களே என்பீர்கள். சரி, அங்கே அதற்கென்று காப்பீடு எடுத்துக்கொண்டு மலையேறுவது பழக்கமாகிவிட்டது. இங்கே அப்படி இல்லை.

வசூலை விட்டுவிட்டு வேறொன்று செய்யலாம். அடுத்த மலைப்பயணக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். பொழுது சாயும் நேரம், எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற கணக்கு, தலையில் மாட்டும் டார்ச், ஒரு விசில். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். டார்ச் அடித்தும் இதையே செய்யலாம். பதில் மூன்று முறை வரும். வந்தாலும் நிறுத்தாமல் ஊத வேண்டும், அதைக் கேட்டுத்தான் தேடி வருவார்கள். போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பேச முடியாவிட்டாலும் 999-க்குக் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறக்காமல் போடுங்கள். இடம் போதாது என்றால், உச்சியில் எடுத்த செல்ஃபிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பிரிட்டனிலிருந்து ஒரு வாசகன்