ஞாயிறு அழைப்புக்கு முன் ஒரு சின்ன வேலை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்குப் பட்டாணிப் புரதம் பிரிப்பது பற்றிப் பேசுகிறோம். அதற்குள் இதைச் செய்து பாருங்கள்.

நைசாக அரைத்த பட்டாணி மாவைத் தண்ணீரில் கலக்கி அப்படியே விடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. மேலே நிற்கும் கலங்கல் நீரில் புரதம் இருக்கிறது. அதை இறுத்து, எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4.5 நெருங்கும்போது புரதம் திரிதிரியாகத் திரண்டு இறங்கும். முதல்முறை பார்த்தபோது அசந்துபோனேன்! ஆலைகளிலும் அடிப்படை இதுதான். முதலில் காரம் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்ட பொருள்) சேர்த்துக் கரைப்பார்கள், அவ்வளவே.

ஸ்டார்ச்சைக் கொட்டிவிடாதீர்கள். பட்டாணியில் புரதத்தைவிட அதுதான் அதிகம். ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து பிளாஸ்டிக்கே செய்கிறார்கள். தொழிலாகச் செய்யும்போது புரத விற்பனையை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும்.

செய்தவர்கள் படம் போடுங்கள்.