மனசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஒங்க பேப்பர்ல ராசிபலனுக்கு அவ்ளோ எடம் குடுக்குறீங்க, மனசப் பத்தி போட்டா மட்டும் டீச்சர்மாருக்கே வெளங்காத தமிழ்ல போடுறீங்க. எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டு அக்கா ஒருத்தருக்கு, கொழுந்து நிறுக்குற மடுவத்துல நிக்கிறப்பவே நெஞ்சு படபடன்னு அடிச்சு கை சில்லுன்னு ஆயிரும், ஹார்ட் செக் பண்ணியாச்சு ஒன்னுமில்ல, டிஸ்பென்சரில பெனடோல், வீட்டுல தாயத்து (தாயத்த நான் கொற சொல்லல்ல). அது பதற்றம், மூச்ச மெதுவா நீட்டி வெளிய விட்டா கொஞ்சங் கொஞ்சமா எறங்கும்னு பேச்சுத் தமிழ்ல எழுதினா புள்ளைங்க வாசிச்சுக் காட்டுவாங்கதானே. மனசு சரியில்லன்னா பேசுறதுக்கு இருக்குற, இலங்கை தேசிய மனநல நிறுவனத்தோட 1926 போன் நம்பரையும் பெருசா போடுங்க, இங்க பாதிப்பேருக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
அட்டன் வாசகி