படைப்பு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

முன்னோர் அருளால், அவர்களுக்குப் படையலிட்டு வழிபடும் நம் படைப்பு வீட்டுத் திருப்பணி நிறைவடைந்தது. வரும் படைப்பு வழக்கம்போல முற்றத்தைச் சுற்றிய உள்கட்டான வளவிலேயே நடைபெறும். புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தொகை), நன்கொடை, செலவு அனைத்தும் அடங்கிய தணிக்கைக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

இவ்வளவு பெரிய வீட்டை இடித்துவிட்டு, சாமி அறையோடு ஒரு மண்டபம் கட்டினால் என்ன என்று பங்காளிகள் சிலர் கேட்டார்கள். செலவை நினைத்தால் நியாயமான கேள்விதான். ஆனால் செட்டிநாட்டில் இடித்த வீடுகள் என்னவாகின என்பதை நாம் பார்த்திருக்கிறோம். தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின, காலிமனைதான் மிஞ்சியது. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன நம் ஐயாக்கள் பலர், 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் உழைப்பில் இன்று நம் கண்முன் நிற்பவை இந்த வீடுகளே. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பது பெருமைதான். ஆனாலும் ஓடு மாற்றுவதும் சுவர் பூசுவதும் நம் பொறுப்பு.

பெரும்பாடு வளவின் வடக்குச் சுவரில்தான். இடைக்காலத்தில் பூசிய சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்ததால், இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பூச்சைக் கொத்தி எடுத்தபோது செங்கல் விரல் பட்டாலே உதிர்ந்தது. அந்தக் கற்களை மாற்றிவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டோம். வேலை ஏன் நிற்கிறது என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டது அப்போதுதான். பிறகு நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய், கருப்பட்டி ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். கடைசிப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு கலந்த வெண்சுண்ணாம்பு. கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். கொத்தனார் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்ப்பார். வரும்போது அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். பொறுமையாக உழைத்த அவருக்கும் சித்தாள்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாட்டு ஓடுகளைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, திரும்ப வேய்ந்தாயிற்று. தரையில் பதித்த பூக்கற்களில் உடைந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை ஆத்தங்குடியிலேயே வார்த்து வாங்கினோம். புதியவற்றின் நிறம் சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது, புழங்கப் புழங்கச் சரியாகிவிடும். மின் கம்பிகள் முழுவதும் புதியவை.

வளவு முற்றத்து மழைநீர் ஊருணிக்குப் போகும் வாய்க்கால் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்தது. அதைத் தோண்டித் திறந்துவிட்டோம். ஐப்பசி மழையில் தண்ணீர் ஊருணிக்குப் போய்ச் சேர்ந்ததைத் தெருவே நின்று பார்த்தது. நம் வீட்டை அடையாளமாக வைத்துத்தான் இன்றும் ஊருக்குள் வழி சொல்கிறார்கள். பங்காளிகள் அல்லாத தெருக்காரர்களும் நன்கொடை தந்தார்கள்; அவர்களைப் படைப்பன்று முகப்பில் மரியாதை செய்ய முடிவெடுத்துள்ளோம்.

கல்யாணத்துக்கு வீட்டை எடுப்பவர்கள் தூண்களில் ஆணி அடிக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் பெயின்ட் பூசக் கூடாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு பார்ப்பதற்கான புள்ளி வரியை அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம், தவறாமல் வாருங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்