வளர்மதி வீட்டுக்கு வரும் அத்தியாயம்

உசிலம்பட்டி

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய நாவலின் முதல் பகுதியைப் படித்து முடித்துவிட்டேன். அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மில் விடுதிக்கு வந்த முதல் நாள் வளர்மதி தன் பெட்டியைத் திறந்து காட்டும் இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுத்து உனக்குக் கைவந்திருக்கிறது தாயி. அதனால்தான் மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் வார்டன் என்னைப் பயமுறுத்தவில்லை. அடிக்கிறாள், வைகிறாள், சோற்றைப் பிடுங்குகிறாள். இவளை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படிக்கிறவர்கள் நிம்மதி அடைந்துவிடுவார்கள். நம் பக்கத்து மில்களில் என்ன நடந்தது? மூன்று வருட ஒப்பந்தம். முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். இடையில் கிளம்பினால் அந்தப் பணம் போச்சு. மாதம் கழியக் கழிய, வெளியே வருவதற்கான விலை ஏறிக்கொண்டே போகும். இரண்டரை வருடம் முடித்த பிள்ளை பஞ்சுத் தூசியில் இருமி இருமி ஓய்ந்தாலும், "இன்னும் ஆறு மாசம்தானே, பொறுத்துக்கோ" என்று பெற்றவர்களே சொல்லுவார்கள். வார்டன் தங்கமானவளாக இருந்தாலும் இதுதான் நடக்கும். உன் கதை அங்கேதான் இருக்கிறது.

கென் கேசி 1962இல் எழுதிய மனநல மருத்துவமனை நாவலை எனக்குக் கொடுத்ததே நீதான். அதில் மக்மர்ஃபி என்கிற நோயாளி, வார்டையே ஆட்டிவைக்கும் நர்ஸோடு மல்லுக்கு நிற்கிறான். அப்புறம்தான் அவனுக்குத் தெரிகிறது, கூட இருக்கிறவர்களில் பலர் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள், நினைத்தால் கிளம்பிவிடலாம் என்று. ஆனால் போக மாட்டார்கள். அங்கே ஒரு நோட்டும் உண்டு. யார் என்ன பேசினார்கள் என்று நோயாளிகளே அதில் எழுதிவைப்பார்கள். மின்சாரம் பாய்ச்சும் பக்கங்களைவிட அந்த நோட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நோட்டில் பேர் ஏறுவது நம் சனத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் 1871இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்திய பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்களில் ரேகைச் சட்டம் என்பார்கள். பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிந்து விரல் ரேகை எடுத்தார்கள். ஆம்பளைகள் ராத்திரி வீட்டில் படுக்க முடியாது. ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். அந்த ஊரை நாம் மறக்கவே கூடாது.

ஆனால் உன் நாவலுக்கு உதவுகிறவர் உன் பூட்டன் என்று தோன்றுகிறது. 1947இல் சட்டம் ஒழிந்தது. அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, நான் சின்னப் பையனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பியிருக்கிறேன். சாவடி வந்ததும் நிற்பார். தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, "மதுரைக்குப் போறேன், பொழுது சாய வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். "யாருக்கு இந்தக் கணக்கு ஒப்பிக்கிறீக?" என்று அப்பத்தா சத்தம் போடும். அவர் பதிலே பேச மாட்டார்.

வளர்மதி தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வருவதை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டாய். அங்கே நின்று எழுது. சொந்த வீட்டில் கொல்லைப்பக்கம் போவதற்கு அவள் அம்மாவிடம் அனுமதி கேட்கட்டும். தங்கச்சி எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று கவனித்து அப்பாவிடம் போய்ச் சொல்லட்டும். பிள்ளை எவ்வளவு அடக்கமாக மாறிவிட்டாள் என்று வீடே சந்தோஷப்படட்டும். அந்தச் சந்தோஷத்தை நீ ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல் எழுதிவிட்டால் போதும். வார்டனையும் கொஞ்சம் பார். அவளும் அதே விடுதியில்தான் படுக்கிறாள். மேலே யாருக்கோ தினமும் கணக்கு ஒப்பிக்கிறாள்.

மில்லில் மூன்று வருடமும் இருந்துவிட்டு வந்த ஒரு பெண் நம் தெருவில் இருக்கிறாள். உன்னிடம் பேசச் சம்மதித்திருக்கிறாள். பேரை மட்டும் போடக் கூடாது என்றாள். பொங்கலுக்கு வரும்போது போய்ப் பார்த்துவிடுவோம், ஒரு நாள் கூடுதலாக லீவு சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா