சாளையையும் நெத்திலியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கடல் உணவுப் பக்கங்களை வீட்டில் எல்லோரும் படித்தோம். வஞ்சிரம் வறுவல், இறால் பிரியாணி, நண்டு மசாலா என்று 6 குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 15, 20 பொருள்கள். விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவை சரி. செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு வேலை முடிந்து வந்து, எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர்களுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு களியக்காவிளைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது. மனைவி திருவனந்தபுரத்தில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு இரவுப் பணி. அந்த நாள்களில் அடுப்படி என் பொறுப்பு. மீன் வெட்டவும் குழம்பு வைக்கவும் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது என் வயது 38. இவ்வளவு எளிதான வேலையை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே, நானும் கேட்கவில்லையே என்று அன்று உண்மையாகவே வருந்தினேன். இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவள் அண்ணனும் என்னோடு உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளுகிறார்கள். அதற்குக் கத்தியே வேண்டாம். விரலால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும்.

எங்கள் வீட்டு இரவுக் குழம்பு இதுதான். அரைக் கிலோ சாளையை, அதாவது மத்தி மீனைச் செதில் உரசி, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, கல் உப்புப் போட்டு அலசி வைத்துக்கொள்வேன். அரை மூடித் தேங்காய், நான்கைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), மிளகாய்த்தூள், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மல்லித்தூள், மஞ்சள், நாலு நல்லமிளகு (குருமிளகு). இவ்வளவையும் மையாக அரைக்க வேண்டும்; அரைப்பில் சோம்பல்பட்டால் குழம்பு திரிதிரியாகப் போய்விடும். மண்சட்டியில் அரைப்பைக் கரைத்து, புளிக்குப் பதில் ஊறவைத்த குடம்புளி இரண்டு சுளை போட்டு, முருங்கைக்காய் இருந்தால் அதையும் சேர்த்துக் கொதிக்க விடுவேன். பச்சை வாசனை போன பிறகே மீன். மீன் போட்டால் 7, 8 நிமிடம் போதும். அகப்பையை உள்ளே விடவே கூடாது. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும். இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மேலே மூடி. தாளிப்பதுகூடக் கிடையாது. சோறு வடிக்க நேரமில்லாத நாளில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்துவிடுவோம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரவலாக்கிய கிழங்கு அது. சாளைக் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

நெத்திலி என்றால் இன்னும் சுலபம். தேங்காய், பச்சை மிளகாய், உள்ளி, சீரகம், மஞ்சளை ஒன்றிரண்டாகச் சதைத்து, மாங்காய்க் கீற்றோடு மீனில் பிசறி, கை அலம்பிய தண்ணீரைத் தெளித்து மூடி அடுப்பில் வைத்தால் அவியல் ஆகிவிடும். கணவாய்க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் வேக விடுங்கள். இடையில் இறக்கினால் ரப்பர்தான்.

பெயர் விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். உங்கள் வஞ்சிரம் எங்களுக்கு நெய்மீன். சென்னைக்காரர்களின் கானாங்கெளுத்தி எங்கள் அயிலை. கடம்பா எங்கள் கணவாய். மத்தி எங்கள் சாளை. மாநில எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி கேரளத்துப் பாறசாலைக்குப் போனாலும் அது 'சாள'தான். குறிப்பில் இப்படி வட்டாரப் பெயர்களையும் போட்டால், சந்தையில் போய் விழிக்க வேண்டியிராது.

சமைப்பதைவிட வாங்குவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுத வேண்டும். 2018 ஜூனில் கேரளத்தின் அமரவிளை, ஆரியங்காவு, வாளையார் சோதனைச் சாவடிகளில், பிணம் கெடாமல் வைக்கப் பயன்படும் பார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் பிடிபட்டபோது, எங்கள் தெருவில் பல வீடுகளில் வாரக்கணக்கில் மீனே வாங்கவில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தோடு, பக்கத்துக் கடற்கரையில் அன்றைக்கு வலையில் விழுந்த மீனையும் ஒதுக்கிவிட்டார்கள். கண் துருத்தி, செவுள் சிவந்து, அழுத்திய இடம் உடனே நிமிர்ந்தால் மீன் புதிது என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். ரசாயனம் போட்ட மீனில் இந்த அடையாளங்களை மட்டும் நம்ப முடியாது என்பதால், கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுத்த மீனையும் வள்ளத்து மீனையும் கொண்டுவரும், ஆண்டுக்கணக்கில் பழகிய ஒரு மீன்கார அம்மாவிடம் மட்டுமே வாங்குகிறோம்.

ஒருமுறை அந்த வழக்கத்தை மீறினேன். மதிய வெயிலில் ஐஸ் இல்லாமல் பெட்டியில் கிடந்த அயிலையை வழியில் நின்ற ஒருவரிடம் வாங்கிவிட்டேன். நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் எனக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தது. அயிலை, சாளை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும் என்றும், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது என்றும் மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் அன்று முட்டை தின்றதால் தப்பித்தார்கள். இப்படிப்பட்ட செய்தி ஒரு பத்தியாவது சமையல் பக்கத்தில் இருந்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்படும்.

சிறு மீனை எழுதுங்கள் என்கிறேனே தவிர, குஞ்சு மீனை அல்ல. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் 3,500 டன்கூட இல்லை. கடலின் மாற்றமும் அதற்குக் காரணம் என்கிறார்கள். ஆனால் குஞ்சுகளையே வாரிக்கொண்டு வந்தால் மிச்சம் எது? சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று கேரள அரசு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் கணக்கில் கொண்டால் ஏறக்குறைய 10 செ.மீ. வரும். அதைவிடச் சின்னச் சாளையை நாங்கள் வாங்குவதில்லை.

முள்ளுக்குப் பயந்து பிள்ளைகளுக்குச் சிறு மீன் கொடுக்காத வீடுகளை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வருத்தம். வெந்த சாளையை முதுகோரமாகப் பிளந்து வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் முழுதாகக் கழன்று வரும். மிஞ்சிய ஊசிமுள்ளை விரல் நுனியால் தடவி எடுத்துவிடலாம். என் மகள் 4 வயதில் என் தட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நெய்மீன் விலையை நெருங்க முடியாது. வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்திலியும்தான் வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே, மே மாத இதழிலேயே, இந்தச் சிறு மீன்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். அவியலின் அளவுகளை அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கொல்லங்கோடு வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.