'நானுக்கு' என்று நீ சொன்னதில்லை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று நீ எழுதிய மின்னஞ்சலை அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் பார்க்க 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று திருத்தினார் என்றாய். "பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர், அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் அப்பா?" என்று குரல் தாழ்த்திக் கேட்டாய். நீ எழுதியதுதான் சரி அம்மா. ஏன் என்பதை நிதானமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட 'நானுக்குப் பால் வேண்டும்' என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் உனக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. வேற்றுமை உருபு சேருமுன் 'நான்' என்பது 'என்' ஆகிவிடும். அதன் பிறகே எனக்கு, என்னால், என்னோடு, என்னிடம் எல்லாம். 'நீ' அப்படியே 'உன்' ஆகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு பெயரின் பின்னால் ஒட்டுவதில்லை. பெயருக்கு முன்னால் ஃபார், டு, வித், ஃப்ரம் என்று தனிச்சொல்லாக நிற்கிறது. அதைத்தான் பிரெப்பொசிஷன் என்கிறோம். அதன் பின்னால் வரும்போது 'ஐ' 'மீ' ஆகிறது, 'ஹி' 'ஹிம்' ஆகிறது, 'வி' 'அஸ்' ஆகிறது, 'தே' 'தெம்' ஆகிறது. உருபு நிற்கும் இடம்தான் வேறு. பெயர் வடிவம் மாறுவது இரண்டு மொழிக்கும் பொது. 'ஃபார் ஐ' என்பது நம் காதுக்கு 'நானுக்கு' போல ஒலிக்க வேண்டும். பிட்வீனும் ஃபாரைப் போன்ற பிரெப்பொசிஷன்தான். ஐயம் வந்தால் இருவரையும் சேர்த்து ஒரே சொல்லாக்கிப் பார். 'பிட்வீன் அஸ்' என்போம். 'பிட்வீன் வி' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவர் ஏன் தவறினார் என்பதும் எனக்குப் புரிகிறது. 'மீ அண்ட் ஹிம் வென்ட்' என்று பேசும் பிள்ளைகளை அங்கே பெரியவர்கள் திருத்துவார்கள். எழுவாயில் 'ஐ' வர வேண்டும் என்பது நியாயமே. ஆனால் திருத்தப்பட்ட பிள்ளைக்கு 'மீ' என்றாலே மரியாதைக்குறைவு என்ற அச்சம் படிந்துவிடுகிறது. அதே அச்சம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியிருந்த 'ஃபார் மை பிரதர் அண்ட் மீ' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஐ' என்று எழுதி மதிப்பெண்ணையும் குறைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் என் பிழை எனக்குத் தெரிந்தது. அவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டான். 'பிரதர்' என்பதை எடுத்துவிட்டுப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீ போனில் தயங்கிப் பேசியபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

'யூ' மட்டும் ஏன் மாறுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டாய். அப்போது எனக்குப் பதில் தெரியாது. முன்பு அதுவும் மாறியது. எழுவாயாக 'யீ', செயப்படுபொருளாகவும் பிரெப்பொசிஷனுக்குப் பின்னும் 'யூ'. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இந்த வேறுபாட்டைக் காணலாம். பிறகு 'யீ' வழக்கொழிந்து 'யூ' இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் நம்மைப் போல வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை பெரும்பாலும் உதிர்ந்துபோயின. மீ, ஹிம், அஸ், தெம் போன்ற சில சொற்களில் மட்டும் அந்தப் பழைய வழக்கம் தங்கியிருக்கிறது.

வடிவம் உனக்குப் பழகிவிட்டது. இனி நீ கவனிக்க வேண்டியது எந்த வினைக்கு எந்தச் சொல் என்பதை. 'த்ரோ த பால் டு மீ' என்றால் நான் பிடிப்பதற்காக எறிகிறார்கள். 'அட் மீ' என்றால் என்மேல் படும்படி எறிகிறார்கள். 'ஷவுட்டட் டு மீ' என்றால் தொலைவிலிருந்து கூவி அழைத்தார். 'ஷவுட்டட் அட் மீ' என்றால் என்னிடம் கத்தினார். 'அட்' வந்தாலே பகை என்று எண்ணிவிடாதே, அது குறியை மட்டும் காட்டுகிறது. 'ஸ்மைல்ட் அட் மீ' என்பதில் அன்புதான் இருக்கிறது. 'லாஃப்ட் அட் மீ' என்பது ஏளனம், 'லாஃப்ட் வித் மீ' என்பது தோழமை. இந்த ஓரெழுத்து ஈரெழுத்துச் சொற்களை நம் பாடப்புத்தகங்கள் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு விட்டுவிட்டன. மனிதருக்கு மனிதர் உள்ள உறவு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நம்மவர் தவறுவதும் இங்கேதான். 'எனக்கு விளக்கு' என்ற நினைப்பில் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்பார்கள். அங்கே 'டு' வேண்டும். 'டெல் டு மீ' என்பார்கள். அங்கே 'டு' கூடாது.

'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம், 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'ஸ்விட்ச் இட் ஆஃப்'. அங்கே 'ஆஃப்' வினையின் ஒரு பாதி, 'இட்' என்பதற்கு உருபு அன்று. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதில் 'ஆஃப்டர்' உண்மையான பிரெப்பொசிஷன். ஆகவே 'ஹிம்' அதன் பின்னால்தான் வரும்.

ஒரே ஓர் இடத்தில் ஆங்கிலத்துக்காக எனக்கு வருத்தம் உண்டு. 'வித் அஸ்' என்றால் நம்மோடா, எங்களோடா? அந்தச் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. 'சம் ஆஃப் அஸ் ஆர் கோயிங் ஃபார் லன்ச்' என்று உடன் பணிபுரிகிறவர்கள் சொன்னபோது அதில் நீயும் உண்டா என்று தெரியாமல் இருக்கையிலேயே இருந்துவிட்டாய் என்று முதல் மாதம் எழுதியிருந்தாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை, 'மே ஐ கம் வித் யூ?' என்று கேட்டுவிடு. கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

அந்த மின்னஞ்சலில் நீ எழுதியதை மாற்ற வேண்டாம். கேட்டால் 'பிட்வீன் அஸ்' என்ற சோதனையைச் சொல், போதும். அவரோடு வாதாட வேண்டியதில்லை.

அம்மா கேட்கச் சொன்னாள்: தை மாதம் விடுப்புக் கிடைத்தால், நம் வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்?

அன்புடன்,
அப்பா